அவையல் கிளவியும் இளையோர் வழக்கும்: வசைச்சொல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இளையோர் பேச்சில் வசைச்சொற்கள் பெருகிவிட்டன என்னும் குறை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் தொடர்ந்து கேட்கப்படுகிறது. இக்குறை பெரும்பாலும் ஒழுக்கம் பற்றிய கவலையாகவே வெளிப்படுகிறது. மொழி பற்றிய வினாவாக அது எழுப்பப்படுவது அரிது. ஒரு சொல் எதனால் வசையாகிறது, அது வசை என்பதை முடிவு செய்வது யார், எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்கின்றனர் என்னும் வினாக்கள் இலக்கணத்திற்கும் இலக்கிய வரலாற்றுக்கும் உரியவை. இவ்வினாக்களுக்குத் தமிழ் மரபு தெளிவான விடையொன்றைத் தந்துள்ளது. பின்வந்த சட்ட மரபு வேறு விடைகளைத் தந்தது. இவ்விடைகளை வரிசைப்படுத்தி, பதின்பருவத்தினரின் இன்றைய பேச்சு வழக்கை அவற்றின் ஒளியில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் இலக்கண நூல்கள், சொல் வரலாறுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை இங்கு முதன்மைச் சான்றுகளாகின்றன. தில்லியில் தமிழ் பயிலும் மாணவர்களிடையே இக்கட்டுரையாளர் ஆசிரியராக இருந்து கண்டவை துணைச் சான்றுகளாகின்றன. ஆய்விதழின் பக்கமும் ஓர் அவையே ஆதலின், வரலாறு கூறுவதற்கு இன்றியமையாத சொற்கள் மட்டுமே இங்கு எடுத்தாளப்படுகின்றன.

இலக்கணம் வகுத்த அவை

சான்றோர் கூடிய அவையில் கூறத்தகாத சொல்லைத் தொல்காப்பியர் 'அவையல் கிளவி' என்கிறார். அதனை மறைத்துக் கூறவேண்டும் என்பது எச்சவியலில் அவர் வகுத்த விதி. இப்பெயரே ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'தீய சொல்' என்றோ 'இழிந்த சொல்' என்றோ அவர் பெயரிடவில்லை. அவைக்கு ஆகாத சொல் என்றே பெயரிட்டார். ஆகவே சொல்லின் குற்றம் சொல்லிடத்தே இல்லை. அது வழங்கும் இடத்தைப் பொறுத்தே குற்றம் பிறக்கிறது என்பது அவர் கருத்தாதல் பெறப்படும்.

அடுத்த விதி இக்கருத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. வழக்கில் நன்கு பயின்று மருவிவிட்ட சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்கிறார் தொல்காப்பியர். ஆப்பி, ஆட்டுப்பிழுக்கை, யானையிலண்டம் போன்றவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். மனிதக் கழிவைக் குறிக்கும்போது மறைப்பை வேண்டும் மரபு, விலங்கின் கழிவைக் குறிக்கும் சொல் பழகிவிட்டமையால் அதனை அவைக்குள் அனுமதிக்கிறது. பழக்கம் ஒரு சொல்லின் கூச்சத்தைப் போக்கிவிடும் என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் இக்கருத்தை விரித்து, தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். கால் கழுவி வந்தான் என்பது போன்றது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. முதலிரண்டும் ஒரு சொல்லை மறைத்து வேறொன்றைக் கூறுவன. மூன்றாவது, ஒரு குழுவினர் புறத்தார் அறியாதவாறு தமக்கென வகுத்துக்கொண்ட சொல். இம்மூன்றையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தமை இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைகிறது. ஏனெனில், இளையோர் வழக்கில் இம்மூன்றுக்கும் இடையே புதியதோர் உறவு தோன்றியுள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

வசைக்கு இலக்கியம் தந்த இடம்

அவையில் விலக்கப்பட்ட வசைக்கு இலக்கியத்தில் இடம் மறுக்கப்படவில்லை. வசையோடு கூடிய செய்யுளைத் தொல்காப்பியச் செய்யுளியல் 'அங்கதம்' என்று வகைப்படுத்துகிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகம் வசைபாடும் திறத்தினாலேயே புகழ்பெற்றார்.

பள்ளு இலக்கியத்தில் வசை ஓர் உறுப்பாகவே அமைந்தது. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளி திருமாலடியாள். இளைய பள்ளி சிவனடியாள். இருவரும் ஒருவரையொருவர் ஏசி, பின்னர் ஒருவர் மற்றவர் தெய்வத்தையும் ஏசி, இறுதியில் பூசல் தணிந்து ஒன்றுபடுகின்றனர். ஏசல் இங்கு உறவை முறிக்கவில்லை. பூசலை வெளிக்கொணர்ந்து தீர்க்கும் வாயிலாகிறது. திருமண வீடுகளில் சம்பந்திகளை ஏசிப் பாடும் வழக்கும் இத்தகையதே.

கி. ராஜநாராயணன் தொகுத்த 'வயது வந்தவர்களுக்கு மட்டும்', பெருமாள்முருகனின் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' (2011) ஆகியவை அவையல் கிளவிகளை ஆய்வுப்பொருளாகவும் தொகுப்புப்பொருளாகவும் கொள்ளலாம் என்பதை அண்மைக்காலத்தில் நிறுவிய நூல்களாகும். எனினும், இச்சொற்களை இன்று மிகுதியாக வழங்கும் பதின்பருவத்தினர் இவற்றை எவ்வாறு வழங்குகின்றனர் என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாக உள்ளது.

இளையோர் வழக்கின் இயல்பு

பதின்பருவத்தினர் நண்பர்களுடன் பேசும்போது வழங்கும் வசைச்சொற்களில் பெரும்பகுதி வசைபாடுவதற்காக வழங்கப்படுவதில்லை. தேர்வில் வென்ற நண்பனைப் பாராட்டவும், பேருந்தைத் தவறவிட்ட எரிச்சலை வெளியிடவும், நெடுநாள் கழித்துக் கண்டவனை வரவேற்கவும் ஒரே சொல் பயன்படுகிறது. சொற்பொருள் தேய்ந்து, உணர்ச்சியின் அழுத்தம் மட்டுமே எஞ்சுகிறது. தொல்காப்பியர் கூறிய 'மருவுதல்' இதுவே.

நன்னூலாரின் முப்பகுப்பை இங்குப் பொருத்திக் காணலாம். இளையோர் இடக்கரடக்கலை மீறுகின்றனர். மங்கலத்தையும் மீறுகின்றனர், 'மரண' என்பது இன்று மிகுதியையும் சிறப்பையும் குறிக்கும் அடையாகிவிட்டது. சென்னைப் பேச்சில் நெடுங்காலமாக வழங்கும் 'சாவுகிராக்கி' என்பதும் அமங்கலத்தை வெளிப்படையாக எடுத்தாளும் வசையே. இவ்விரு மீறல்களும் சேர்ந்து மூன்றாவதான குழூஉக்குறியாகின்றன. பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் கூறவியலாத சொல்லைத் தம்முள் கூறிக்கொள்வதே, நாம் ஒரு குழுவினர் என்பதற்கு அடையாளம். பொற்கொல்லர் பொன்னின் பெயரை மறைத்துக் குழுவாயினர். இளையோர் மறைக்க வேண்டியதை மறைக்காமல் கூறிக் குழுவாகின்றனர். அதே இளைஞன் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அச்சொல்லை விட்டுவிடுகிறான். ஆகவே அவையறிதல் அவனிடம் இல்லை எனக் கூறுவதற்கில்லை; அவையை நன்கு அறிந்தமையாலேயே அதற்கு வெளியே ஒரு குழுவை அமைத்துக்கொள்கிறான்.

குழுவுக்குள் வழங்கும் இச்சுதந்திரத்திற்கு உறவுமுறைச் சொற்களும் துணைபுரிகின்றன. தமிழ் இளைஞன் நண்பனை 'மச்சான்', 'மச்சி' என விளிக்கிறான். மணவுறவுக்கு உரிய முறைக்காரர்களிடையே கேலிக்கும் ஏச்சுக்கும் சமூகம் இசைவு தருவதை மானிடவியலறிஞர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையில் 'கேலியுறவு' என விளக்கினார். தமிழில் மச்சான் முறை அத்தகையது. இந்தியில் மனைவியின் உடன்பிறந்தானைக் குறிக்கும் 'சாலா' என்னும் சொல்லோ, உறவினரல்லாதவரை நோக்கிக் கூறப்படும்போது வசையாகிறது. ஏறத்தாழ ஒரே உறவைக் குறிக்கும் சொல் ஒரு மொழியில் நட்பு விளியாகவும் மற்றொன்றில் வசையாகவும் நிற்பதைத் தில்லியில் இரு மொழியும் பேசி வளரும் மாணவர்கள் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

இம்மாணவர்களிடம் மற்றுமொரு கூறும் காணப்படுகிறது. வீட்டில் தமிழ் பேசுவோர் நண்பரிடையே இந்தி வசைகளைத் தயக்கமின்றி வழங்குகின்றனர். அதே பொருளுடைய தமிழ்ச் சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கின்றனர். பல மொழி பேசுவோர் பலருக்கும் தாய்மொழி வசையே மிகுந்த உணர்ச்சி விசையுடன் ஒலிக்கிறது என ழான்-மார்க் டெவாலே 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தாய்மொழியில் ஒரு சொல்லுடன் தாயின் கண்டிப்பும் சேர்ந்தே கற்கப்படுகிறது. பின்னர்க் கற்ற மொழியில் சொல் தனித்து வந்து சேர்கிறது.

சொற்கள் வந்த வழி

சொல் இயல்பிலேயே இழிந்ததன்று என்பதற்குச் சொல் வரலாறு தக்க சான்று பகர்கிறது. சென்னைப் பேச்சின் 'கஸ்மாலம்' வடசொல்லான 'கச்மலம்' என்பதன் திரிபு; அச்சொல் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அருச்சுனனின் மனக்கலக்கத்தைக் குறிக்க ஆளப்பட்டுள்ளது. 'பேமானி', நேர்மையின்மை என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. 'புறம்போக்கு' வருவாய்த்துறைக் கலைச்சொல். வரி விதிப்புக்கு உட்படாது பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பது. வரி தராத நிலம் பயனற்றது என்னும் நிருவாகப் பார்வை மக்கள் வழக்கில் புகுந்து, எதற்கும் உதவாதவன் என்னும் வசையாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கும் இயக்கத்தின் பகுதியாக டி. எம். கிருஷ்ணா பாடி 2017இல் வெளிவந்த புறம்போக்குப் பாடல், அச்சொல்லின் பழம்பொருளை மீட்க முயன்றது.

இவற்றினும் கடுமையான வரலாறு உடையது 'தேவரடியார்' என்னும் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் இச்சொல் கோயிலுடன் தொடர்புடைய பெண்களைக் குறித்து மதிப்புடன் வழங்குகிறது. இப்பெண்கள் கோயிலுக்குக் கொடையளித்தோராகவும் அக்கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர் என்பதை லெஸ்லி ஓர் தம் ஆய்வில் (2000) விரிவாக நிறுவியுள்ளார். கோயிலின் ஆதரவும் அரசின் ஆதரவும் மாறிய காலங்களில் அப்பெண்களின் நிலை தாழ்ந்தது. சொல்லும் அவர்களுடன் தாழ்ந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவல் எழுதியும், முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் குரல் கொடுத்தும் எதிர்த்த அம்முறை, சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. முறை ஒழிந்தது, சொல் மட்டும் குறுகிய வடிவில், பிறன் தாயைப் பழிக்கும் வசையாக இளையோர் வாயில் இன்றும் நிலைத்துள்ளது.

'முண்டை', 'அறுதலி' என்பனவும் இத்தகையனவே. இரண்டும் கணவனை இழந்த பெண்ணைக் குறித்தவை. ஒரு பெண்ணின் துயரநிலையே அவளைத் திட்டும் சொல்லாயிற்று. ஆண்மகன் ஒருவனைப் பழிக்க வேண்டின் அவனுடைய தாயையோ உடன்பிறந்தாளையோ பழிக்கும் வழக்கம் தமிழிலும் இந்தியிலும் ஒன்றுபோலவே காணப்படுகிறது. நண்பர் இருவர் சிரித்துக்கொண்டே இச்சொற்களைப் பரிமாறிக்கொள்ளும்போது இருவருக்கும் காயமில்லை. ஆனால் சொல் குறிக்கும் பெண் அவ்விடத்தில் இல்லை.

நீதிமன்றம் என்னும் அவை

இந்திய தண்டனைச் சட்டத்தின் (1860) 294ஆம் பிரிவு பொதுவிடத்தில் ஆபாசச் சொற்களைக் கூறிப் பிறருக்குத் தொல்லை விளைவிப்பதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு அதனிடத்தைப் பெற்றுள்ளது. ஆபாசம் எது என்பதற்கு இங்கிலாந்தில் 1868இல் வகுக்கப்பட்ட ஹிக்ளின் அளவுகோல் நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. தீய தாக்கத்திற்கு எளிதில் ஆட்படக்கூடிய மனங்களை ஒரு படைப்பு கெடுக்குமா என்று அது வினவியது. இவ்வகையில் இளையோர் சட்டத்தின் பார்வையில் காக்கப்பட வேண்டிய கேட்போராயினர். அவர்களே அச்சொற்களைப் பேசுவோர் என்பது அவ்வளவுகோலில் இடம்பெறவில்லை.

1967இல் வெளிவந்த சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' என்னும் வங்க நாவல் பற்றிய வழக்கில், கொச்சையான மொழி அருவருப்பை உண்டாக்கலாம், ஆயினும் கொச்சை என்பதனாலேயே அது ஆபாசமாகிவிடாது என உச்சநீதிமன்றம் 1985இல் பிரித்துரைத்தது. 2014இல் ஹிக்ளின் அளவுகோலைக் கைவிட்டுச் சமகாலச் சமூக நிலையை அளவாகக் கொண்டது.

இளையோர் பேச்சே நேரடியாக விசாரணைக்கு வந்தது 'காலேஜ் ரொமான்ஸ்' என்னும் இணையத்தொடர் பற்றிய வழக்கிலாகும். கல்லூரி மாணவர் உரையாடலில் வசைச்சொற்கள் மிகுந்திருந்த அத்தொடரைத் தம் அறையில் செவிப்பொறி அணிந்தே கேட்க நேர்ந்ததாகத் தில்லி உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் குறிப்பிட்டது. அருகிலிருப்போர் அதிர்ச்சியுறாமல் அதனைக் கேட்க இயலாது என்பது அதற்குக் கூறிய காரணம். இந்நாட்டு இளையோரும் பிற குடிமக்களும் பேசும் மொழி இதுவன்று எனவும் அது கூறியது. உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 19 அன்று அவ்வழக்கை நீக்கியது. வசைச்சொல்லின் நேர்ப்பொருள் பாலியல் சார்ந்ததாயினும், வழக்கில் அது சினம், எரிச்சல், துயரம், கிளர்ச்சி போன்ற உணர்ச்சிகளையே வெளிப்படுத்துகிறது என அது விளக்கியது. நீதிமன்றத்தின் மாண்பு குன்றாமல் அங்கு ஒலிபரப்ப முடியுமா என்பதை ஒரு படைப்பின் சட்டத்தகுதிக்கு அளவாகக் கொள்ளவியலாது எனவும் தெளிவுபடுத்தியது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வாதம் புதியதன்று. உயர்நீதிமன்றம் கைக்கொண்டது அவையல் கிளவி என்னும் அளவுகோல். ஆனால் தொல்காப்பியர் அவ்வளவுகோலை அவைக்கு மட்டுமே வகுத்தார். அவைக்குப் புறம்பான பேச்சையும் அதனால் அளக்க அவர் முற்படவில்லை. உச்சநீதிமன்றம் அவை வேறு, வழக்கு வேறு எனப் பிரித்தது. நேர்ப்பொருள் வேறு, பயன்பாட்டில் குறிக்கும் பொருள் வேறு என்னும் அதன் விளக்கம் தமிழிலக்கணம் கூறும் வெளிப்படைப்பொருள், குறிப்புப்பொருள் என்னும் பாகுபாட்டுக்கு நெருக்கமானது.

அவையில் இல்லாதோர்

இவ்வளவில் இளையோர் வழக்குக்கு இலக்கணமும் நீதிமன்றமும் துணைநிற்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு வகைச் சொற்களுக்கு இவ்வாதம் போதாது. இக்கட்டுரையாளரின் வகுப்பில் ஒரு மாணவர் தம் நண்பரைச் 'சண்டாளா' எனச் செல்லமாக அழைத்தார். பேரனை அள்ளிக் கொஞ்சும்போது அவருடைய பாட்டி வழங்கிய சொல் அது. வகுப்பு சிரித்தது. ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. பின்னர்த் தனியே வந்து, அது திட்டா அல்லது சாதிப் பெயரா என வினவினார். இரண்டும் என்பதே அவருக்குத் தரக்கூடிய நேர்மையான விடையாக இருந்தது.

சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயர். அதனை இழிவுபடுத்தும் வகையில் பொதுவெளியில் வழங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரியது எனத் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் 2024 ஜூலையில் அறிவுறுத்தியது. 1989இல் இயற்றப்பட்ட அச்சட்டம், பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்கியது. சாதிப் பெயரால் வைவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாகச் சேர்த்தது.

'பொதுப்பார்வை' என்பதும் ஒரு வகையில் அவையே. எனினும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தொல்காப்பியரின் அவையில் கேட்போரின் கூச்சம் அளவுகோலாகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் அவையில் சொல்லப்பட்டவரின் மானம் அளவுகோலாகிறது. முன்னது சான்றோர் செவியைக் காத்தது. பின்னது அச்சான்றோர் அவையில் அமர இடம்பெறாதிருந்தோரைக் காக்க முற்படுகிறது. இலக்கண மரபு சண்டாளன் என்னும் சொல்லை அவையல் கிளவியாகக் கருதியதாகத் தெரியவில்லை. உடலுறுப்பின் பெயருக்குக் கூசிய அவை, ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர் வசையாவதற்குக் கூசவில்லை.

மருவிய சொல்லை மறைக்க வேண்டா என்னும் விதியின் எல்லையும் இங்கே புலப்படுகிறது. ஒரு சொல் யாருக்கு மருவியது என்பது வினவப்பட வேண்டும். சொல்வோர்க்கு அது பழகித் தேய்ந்திருக்கலாம். அச்சொல்லால் குறிக்கப்படுவோர்க்கு அது தேய்வதில்லை. தாய், விதவை, கோயிற்பெண், ஒடுக்கப்பட்ட சாதியார் என வசைக்குப் பொருளாக்கப்பட்டோர் அனைவர்க்கும் இது பொருந்தும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் வசைச்சொல்லை அளக்கத் தமிழிலும் இந்தியச் சட்ட வரலாற்றிலும் மூன்று அளவுகோல்கள் வழங்கிவந்துள்ளமை புலனாகிறது. எங்கே சொல்லப்பட்டது என்பது இலக்கணத்தின் வினா. கேட்போரைக் கெடுக்குமா என்பது காலனியச் சட்டத்தின் வினா. யாரை இழிவுபடுத்துகிறது என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வினா.

இளையோர் முதல் வினாவிற்குத் தாமே விடை கண்டுள்ளனர். அவையையும் குழுவையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டாம் வினாவை உச்சநீதிமன்றம் பெருமளவு தளர்த்திவிட்டது. மூன்றாம் வினாவை அவர்கள் தாமே எழுப்பிக்கொள்ள இயலாது. ஏனெனில் தாம் வழங்கும் சொல்லின் வரலாற்றை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அப்பணி தமிழாசிரியருக்கு உரியது. 'அச்சொல்லைப் பேசாதே' என்னும் கண்டிப்பு, சொல்லை வகுப்பறைக்கு வெளியே அனுப்பி அதன் குழூஉத் தன்மையை வலுப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. தேவரடியார் என்னும் சொல் வந்த வழியைப் பாடமாகக் கேட்ட மாணவர், அடுத்த முறை அதன் குறுகிய வடிவை வழங்குமுன் ஒரு கணம் தயங்கக்கூடும். இடக்கரடக்கலை எடுத்துக்காட்டுடன் ஒப்புவிக்கச் செய்யும் நம் பாடத்திட்டங்களில், வசையாக்கப்பட்ட பெயர்களின் வரலாற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது இயலாத செயலன்று. வகுப்பு முடிந்த பின் தனியே வந்து வினவிய மாணவர், அவ்வினாவை வகுப்பிலேயே எழுப்பக்கூடிய நிலை உருவாகுமாயின், அவ்வகுப்பறையே தகுதியுடைய அவையாகும்.